காது கேட்கிறதா என்று தட்டைத் தட்டிப் பார்க்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

7 மாதமாகிறது. பாப்பா இன்னும் தானாக உட்காரவில்லையே? (தண்டையார்பேட்டை)

எத்தனை வாரத்தில் பிறந்தாள்? அதை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 32 வாரத்தில் பிறந்திருந்தால் அவளுக்கு இப்போது 5 மாதக் கணக்குதான். 2 வயதுவரை இப்படி முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்தே பார்க்க வேண்டும். நிறைமாதம் என்றால் 9 மாதம்வரை பொறுக்கலாம். ஆனால் தலை இன்னும் ஆடுகிறது, தூக்கினால் உடம்பு துணிபோலத் துவள்கிறது அல்லது விறைக்கிறது என்றால் இந்த வாரமே காட்டுங்கள்.

வாக்கர் வாங்கலாமா? (வியாசர்பாடி)

வேண்டாம். நடை சீக்கிரம் வராது. படியில் உருளும், அடுப்புப் பக்கம் போய்விடும். கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். கட்டிலைப் பிடித்து நடக்கட்டும்.

பையனுக்கு 2 வயது 4 மாதம். 'அம்மா' மட்டும்தான் சொல்கிறான். அவன் அப்பாவும் 4 வயதில்தான் பேசினாராம், ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும் என்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிறது, தட்டைத் தட்டிப் பார்த்தோம். (காசிமேடு)

'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்' என்ற இந்த ஒரு வார்த்தையால் எத்தனை குழந்தைகளுக்கு வருடக்கணக்கில் வீணாகிறது! 2 வயதில் 50 வார்த்தையாவது வேண்டும். 'பால் தா', 'அப்பா வா' என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும். உங்கள் மகனிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஆணோ பெண்ணோ, இதற்குமேல் காத்திருக்கக் கூடாது.

தட்டைத் தட்டியது சோதனையே அல்ல. தட்டு சத்தமானது, பாதி கேட்கும் காதுக்கும் அது எட்டும். நீங்கள் கையை ஓங்குவதை ஓரக்கண்ணில் பார்த்தும் திரும்புவான். கதவு அறைவதும் லாரி ஹாரனும் கேட்கும் குழந்தைக்கு 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். கேட்காத ஒலியை வாய் எப்படிச் சொல்லும்?

முதலில் ஓஏஇ, பெரா என்ற இரண்டு காது கேட்கும் திறன் சோதனைகளை எடுங்கள். ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். பெரா தூக்கத்தில் எடுப்பது. அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், சோதனைக்காகத் தலையில் வைக்கும் எலக்ட்ரோடு ஒட்டாது. காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டால் அங்கே தூங்குவான். சளி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தால் முடிவு மாறும்.

காது சரி என்றால் அடுத்து இதைப் பாருங்கள்: வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறானா, அல்லது உங்கள் கையை இழுத்துக்கொண்டு போகிறானா? இழுத்துக்கொண்டு மட்டும் போனால் ஆட்டிசத்துக்கும் பரிசோதியுங்கள். அவன் போன் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருங்கள்.

10 மாதக் குழந்தை எல்லாவற்றையும் இடது கையால்தான் எடுக்கிறான். இடது கைப் பழக்கமா? (ராயபுரம்)

இந்த வயதில் கைப்பழக்கம் வராது. வலது கை பலவீனமாக இருக்கலாம். அந்தக் கை எப்போதும் மூடியே இருக்கிறதா, தவழும்போது அந்தக் கால் இழுபடுகிறதா என்று பார்த்து, குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா? நாக்கடியை வெட்டச் சொல்கிறார்கள். (திருவொற்றியூர்)

வராது. நாக்கடி ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் குழறும். பேச்சே வராததற்கு அது காரணமில்லை. காதைப் பாருங்கள். வசம்பைத் தேனில் குழைத்து 1 வயதுக்குள் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஒன்றரை வயதில் பத்து வார்த்தை பேசினாள். இப்போது எதுவுமே இல்லை. (கொருக்குப்பேட்டை)

வந்த பேச்சு போவது எந்த வயதிலும் சாதாரணமல்ல. நாளைக்கே போங்கள். அவள் பேசிய பழைய வீடியோ போனில் இருந்தால் ஒன்று, இப்போது விளையாடும்போது எடுத்தது ஒன்று, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தாள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.