புயல் நேரத்தில் படகிலேயே தங்குவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அப்பாவை என்ன செய்வது?

மொரீஷியஸில் கிளாஸ் 1 புயல் எச்சரிக்கை (நான்கு படிகளில் முதல் படி) வந்துவிட்டது, கிராண்ட் பே வளைகுடாவில் நங்கூரமிட்ட படகை விட்டு அப்பா இறங்க மறுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். எப்பாடு பட்டாவது அவரைக் கரைக்கு அழைத்து வந்துவிடுங்கள். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

"நான் இருந்தால் இன்ஜினை ஓட்டி நங்கூரத்தின் பாரத்தைக் குறைப்பேன்" என்பார். என் சித்தப்பாவும் அப்படித்தான் சொல்வார். சாதாரணப் பலத்த காற்றுக்கு அது சரி. ஆனால் காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலில் இங்கே மணிக்கு 280 கிலோமீட்டர் வரை காற்று வீசியது. அதில் பாதி வேகத்திலேயே மேல்தளத்தில் நிற்க முடியாது. தவழ்ந்துபோய்க் கயிற்றைப் பிடித்தாலும் அதை அவிழ்க்கவோ கட்டவோ வலு போதாது.

கிராண்ட் பேயை நம்புவதுதான் பெரிய ஆபத்து. தென்கிழக்குக் காற்றுக்கு அது நல்ல மறைவு. புயல் வடகிழக்கிலிருந்து நெருங்கும்போது காற்றும் தென்கிழக்கிலிருந்தே வீசுவதால், முதல் சில மணி நேரம் "ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். புயலின் கண் தீவைக் கடந்துவிட்டால் காற்று திரும்பி வடமேற்கிலிருந்து வீசும். வளைகுடா திறந்திருப்பது வடக்கே. அதன்பின் அலையும் காற்றும் சேர்ந்து படகைக் கரையை நோக்கியே தள்ளும். அந்த நேரத்தில் சிறு தோணியில் இறங்கித் தப்பவும் வழியில்லை.

படகைக் காப்பாற்றும் வேலையெல்லாம் இப்போதே முடிய வேண்டியவை. பாய்களையும் மேல்துணிகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கடல் மட்டம் உயரும் என்பதால் கயிற்றையும் சங்கிலியையும் தாராளமாக விடுங்கள். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரு புயலுக்குப் பின் சித்தப்பாவின் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முழுக் கயிறும் புதிதுபோல் இருந்தது, அந்த ஒரு சாண் நீளம் மட்டும் பஞ்சாய்ப் பிரிந்து இரண்டு இழையில் தொங்கியது. பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து அங்கே சுற்றிக் கட்டினால் போதும்.

அந்த வேலையை அப்பாவிடமே கொடுங்கள். படகைக் கைவிட்டுப் போகிறோம் என்ற உறுத்தல்தான் இவர்களை அங்கேயே கட்டிப்போடுகிறது. தன் கையால் எல்லா முடிச்சையும் போட்டுவிட்டால் இறங்க மனம் வரும். கிளாஸ் 3 வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிளாஸ் 2 அறிவிக்கும்போது அவர் வீட்டில் இருக்க வேண்டும்.