ஆஸ்திரேலியாவில் அரசு மக்கள் வாழ்க்கையில் அளவுக்கு மீறி மூக்கை நுழைக்கிறதா?

பெர்த்தில் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சில சமயம் நுழைக்கிறது. ஆனால் இங்கே வந்த புதிதில் நம்மவர்கள் எரிச்சல்படும் விஷயங்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சைக்கிள் ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம். அப்புறம், குவாக்கா. பெர்த்தை ஒட்டிய துறைமுகமான ஃப்ரீமாண்டிலிலிருந்து படகில் அரை மணி நேரம் போனால் ராட்னெஸ்ட் தீவு. அங்கே இருக்கிறது இந்தச் சின்ன விலங்கு. கங்காருவுக்குச் சொந்தம், வயிற்றில் குட்டி வளர்க்கும் பை, உடம்பு பூனை அளவுதான். 2017 கடைசியில் ரோஜர் ஃபெடரர் இதோடு செல்ஃபி எடுத்த படம் உலகம் முழுக்கப் பரவியது. இதைத் தொடக்கூடாது, தீனி போடக்கூடாது, மீறினால் அபராதம். “ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?” என்று ஊரிலிருந்து வரும் விருந்தினர்கள் கேட்கிறார்கள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். முன்னங்கால் இரண்டாலும் இலையைப் பிடித்துக்கொண்டு, மென்றபடியே நம் முகத்தைப் பார்க்கும். பயமே கிடையாது, அதுதான் அதற்கு ஆபத்து. ஆஸ்திரேலிய நிலப்பரப்பில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட நரிகளுக்கு இரையாகிப் பெரும்பாலும் அற்றுப்போய், நரியில்லாத இந்தத் தீவில்தான் ஏறத்தாழ 10,000 பிழைத்திருக்கின்றன. இலையும் புல்லும் செரிக்கும் வயிற்றுக்கு ரொட்டி ஒத்துக்கொள்ளாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஓர் உயிருக்காக அரசு குறுக்கே நிற்பது அத்துமீறலே இல்லை.

அத்துமீறல் என்றால் எனக்கு 2021 மே மாதம்தான். இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலை. முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த எவரும், ஆஸ்திரேலியக் குடிமக்களே ஆனாலும், மே 3 முதல் நாட்டுக்குள் வந்தால் குற்றம் என்று உத்தரவு. அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, 66,600 டாலர் அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கொரோனா உச்சத்தில் இருந்தபோது இப்படி ஓர் உத்தரவு வரவில்லை. திரும்பி வரக் காத்திருந்தவர்கள் சுமார் 9,000 பேர்.

அதில் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண்மணி, தன் அப்பாவின் காரியத்துக்காக மதுரை போனவர். அவருடைய மகன் மாலையில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவான். வீடியோ அழைப்பில் செல்போனைக் குப்பைத்தொட்டி மேல் சாய்த்து வைப்போம். அவன் அம்மா மதுரையிலிருந்து ஸ்கோர் கேட்பார். அவன் அவுட் ஆனாலும் நாட் அவுட் என்றே சொல்வோம்.

அலுவலகத்தில் வெள்ளைக்கார நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் விசாரித்தது ஐபிஎல் வீரர்களும் மாட்டிக்கொண்ட பிறகுதான். மே 4 அன்று ஐபிஎல் நிறுத்தப்பட்டதும் ஆஸ்திரேலிய வீரர்கள், பயிற்சியாளர்கள், வர்ணனையாளர்கள் மாலத்தீவுக்குப் போய்க் காத்திருந்தார்கள். வர்ணனையாளராக வந்திருந்த முன்னாள் வீரர் மைக்கேல் ஸ்லேட்டர் ஆஸ்திரேலியப் பிரதமரையே நேரடியாகச் சாடி ட்வீட் போட்டார். சிஎஸ்கே பேட்டிங் பயிற்சியாளர் மைக் ஹசி எங்கள் பெர்த்காரர். டெல்லியில் கொரோனா தொற்றி, ஏர் ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். அவரைச் சென்னை பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு 2022 மார்ச் 3 வரை எல்லையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதனால் அந்த ஜனவரியில் பெர்த்தில் நடக்க வேண்டிய ஆஷஸ் ஐந்தாவது டெஸ்ட் ஹோபார்ட்டுக்குப் போய்விட்டது. வருத்தம்தான், ஆனால் கோபம் இல்லை. அந்தக் கட்டுப்பாடு ஒரு நாட்டிலிருந்து வருபவர்களை மட்டும் தனியே பிரித்துக் குற்றவாளி ஆக்கவில்லை.

இந்திய உத்தரவு மே 15 அன்று காலாவதியானது. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், நீதிமன்றம் தடுக்கவில்லை. 2015 உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டிருக்கும்போது சுகாதார அமைச்சர் இப்படி உத்தரவு போடலாம், அதை நாடாளுமன்றம் வாக்களித்து ரத்து செய்ய முடியாது. அந்தச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்பது இதைப் பற்றித்தான்.