பணியிடப் பாலியல் துன்புறுத்தல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், பனியன் கம்பெனியில் வேலை. கம்பெனி வேனில் வரும்போது சூப்பர்வைசர் தொல்லை தருகிறார். வேன் பணியிடம் ஆகாதாமே?

பதில்: ஆகும். வேலைக்கு வந்துபோக முதலாளி தரும் வண்டியும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். புகாரை எழுத்தில் கொடுங்கள்: தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். "தவறாக நடந்தார்" என்று மட்டும் எழுதினால் எளிதாக மறுத்துவிடுவார். 6 பிரதிகள் தர வேண்டும். உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம்தான் கெடு. விசாரணை முடிய 90 நாள் ஆகலாம். அதுவரை அவரோடு வேலை செய்ய முடியாதென்றால் இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ எழுதிக் கேளுங்கள். அந்த விடுப்பு உங்கள் வழக்கமான லீவில் கழியாது.

கேள்வி: அக்கா, நான் வீட்டு வேலை செய்கிறேன். எனக்கு ஏது குழு?

பதில்: மாவட்டத்தில் உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர் ஆபீசில் கேளுங்கள். 3 மாதக் கெடு உங்களுக்கும்தான் அம்மா.

கேள்வி: சாட்சி இல்லையே, புகார் கொடுக்க முடியுமா?

பதில்: கொடுக்கலாம். இது கிரிமினல் கோர்ட் அல்ல. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் குழு பார்க்கும். அன்றே நீங்கள் சொல்லி அழுத தோழியும் சாட்சிதான். வாட்சப் செய்திகளை அழிக்காதீர்கள்.

கேள்வி: நிரூபிக்க முடியாவிட்டால் அது பொய்ப் புகார்தானே?

பதில்: இல்லை. அந்த 2013 சட்டத்தின் 14-ஆம் பிரிவே அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. கெட்ட நோக்கம் இருந்ததைத் தனியே விசாரித்து நிறுவினால்தான் நடவடிக்கை. இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டித்தான் பல பெண்களின் வாயை அடைக்கிறார்கள்.

கேள்வி: நான்தான் மறுபடியும். அப்போது ஆணுக்கு என்ன பாதுகாப்பு?

பதில்: புகார் நகல் 7 வேலை நாளில் அவருக்குப் போக வேண்டும்; பதில் தர 10 வேலை நாள்; 90 நாளுக்குள் மேல்முறையீடு. கோவா பல்கலைக்கழக வழக்கில், அவசர அவசரமாக விசாரித்தார்கள் என்பதற்காகவே 2023-இல் உச்ச நீதிமன்றம் புகாருக்கு ஆளானவரின் பணிநீக்கத்தை ரத்து செய்தது. முறை தவறினால் புகார் கொடுத்தவரும் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். குழுவில் இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

கேள்வி: சாட்சி இல்லாமல் கொடுக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கொடுக்கலாம்.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகச் சொல்கிறார் மேனேஜர்.

பதில்: சமரசத்தை நீங்கள் கேட்டால்தான் பேசலாம். பணம் அதற்கு அடிப்படையாகவே கூடாது.

கேள்வி: ஜனவரி 20-இல் நடந்தது. ஏப்ரல் கடைசியில் கொடுக்கலாமா?

பதில்: ஏப்ரல் 20-க்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தேதி தாண்டிவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையும் அதே புகாரில் எழுதுங்கள். காரணம் சரியென்றால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம்.