கட்சி சாராத குழு கொள்கை நிலைப்பாடு எடுப்பது எப்படி? திருகோணமலைக் கேள்வி பதில்

எந்தக் கட்சியின் பக்கமும் சாயாமல் ஊர் விடயங்களில் குரல்கொடுக்க நினைக்கும் குழுக்களுக்கான கேள்வி பதில் இது. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

உப்புவெளி: அண்ணை, பிரதேச சபையின் பாதீட்டைப் பற்றி ஒரு அறிக்கை விட்டோம். உடனே "நீங்கள் எதிர்க்கட்சிக்காரர்" என்கிறார்கள். கட்சி சாராத குழு என்றால் வாயே திறக்கக்கூடாதா?

தாராளமாகத் திறக்கலாம். "இன்னாருக்குப் போடுங்கள், இன்னாரைத் தோற்கடியுங்கள்" என்பதற்கு மட்டும்தான் தடை. அமெரிக்காவில் 1920இல் தொடங்கிய 'லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்' (பெண் வாக்காளர் சங்கம்) எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதுமில்லை. அதே அமைப்பு வாக்குரிமை முதல் சுற்றாடல் வரை நூற்றுக்கணக்கான விடயங்களில் எழுத்தில் நிலைப்பாடு வைத்துக்கொண்டு சட்டசபைகளோடு மல்லுக்கட்டுகிறது. இலங்கையில் 2015இல் வந்த மார்ச் 12 இயக்கத்தையும் பாருங்கள். வேட்பாளருக்கு இருக்கவேண்டிய எட்டுத் தகுதிகளை எழுதி, எல்லாக் கட்சிகளின் முன்னாலும் ஒரே தாளைத்தான் நீட்டினார்கள்.

உங்கள் மேல் வந்த பழிக்கு மருந்து திகதி. பாதீட்டைப் பற்றிய நிலைப்பாடு இப்போதைய தவிசாளர் கதிரையில் அமருமுன்பே கூட்டக் குறிப்பில் பதிவாகியிருந்தால் வாக்குவாதம் அந்த இடத்திலேயே அடங்கும். அறிக்கையின் அடியில் "இந்த நிலைப்பாடு ஏற்கப்பட்ட நாள்" என்று ஒரு வரி எப்போதும் போடுங்கள்.

மூதூர்: நிலைப்பாடு எடுப்பதென்றால் கூட்டம் கூடி கை உயர்த்தினால் போதாதா? படிப்படியாகச் சொல்லுங்கள் சேர்.

கை உயர்த்தினால் 21க்கு 19 என்று முடியும். தோற்ற 19 பேரும் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அதனால்தான் இப்படியான குழுக்கள் வாக்கெடுப்பை விட்டுவிட்டு ஒத்த கருத்தைத் தேடுகின்றன.

கட்டாக்காலி மாட்டுப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். முதலில் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட ஆய்வுக் குழு. அதில் மாடு வைத்திருப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும், இரவில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் ஒருவரும் வேண்டும். மூன்று சமூகத்தவரும் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று மாதம் தரவு சேர்க்கட்டும்: சபை எத்தனை மாடு பிடித்தது, தண்டப்பணம் எவ்வளவு அறவிட்டது, அந்தப் பிரதேச செயலகப் பிரிவில் மேய்ச்சல் தரை வர்த்தமானியில் வந்திருக்கிறதா, வந்திருந்தால் இப்போது அந்தக் காணியில் என்ன நடக்கிறது. பிறகு நான்கு பக்கத்துக்கு மேற்படாத ஆய்வுத்தாள். அதில் இரண்டு தரப்பு வாதங்களுக்கும் சம இடம்.

அடுத்தது கேள்விகள். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். "பொறுப்பற்ற உரிமையாளர்களைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டுமா?" என்று கேட்டால் விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "மாடு வீதிக்கு வருவதைத் தடுக்கும் பொறுப்பு யாருக்கு எவ்வளவு: உரிமையாளருக்கு, சபைக்கு, பிரதேச செயலகத்துக்கு?" என்று கேளுங்கள். மாட்டுக்காரரும் பேசுவார், விபத்தில் கால் முறிந்தவரும் பேசுவார்.

கலந்துரையாடலைப் பதினைந்து பேருக்கு மேற்படாத சிறு கூட்டங்களாக வையுங்கள். ஒன்று சனசமூக நிலையத்தில், ஒன்று பள்ளிவாசல் மண்டபத்தில், ஒன்று பகல் நேரத்தில் பெண்களுக்கு வசதியாக. ஒவ்வொன்றுக்கும் குறிப்பெடுப்பவர் தனி, நடத்துபவர் தனி. ஒருவரே இரண்டையும் செய்தால் அவருக்குப் பிடித்த கருத்துத்தான் கொப்பியில் ஏறும். எல்லாக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நிலைப்பாடாக எழுதுங்கள். உடன்பாடு வராத கேள்வியை "உடன்பாடு இல்லை" என்றே பதிந்து விடுங்கள். அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

எழுதும்போது "மாடுகளைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்பது வெறும் காற்று. "பிடித்த மாடுகளின் எண்ணிக்கையையும் அறவிட்ட தண்டப்பணத்தையும் சபை மாதந்தோறும் அறிவித்தல் பலகையில் இட வேண்டும், அடையாளம் கண்ட மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் அறிவிக்கும் முன் தண்டப்பணத்தைக் கூட்டக்கூடாது" என்பது நிலைப்பாடு. சபை அதைச் செய்ததா இல்லையா என்று ஒரு பள்ளிப் பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம்.

கிண்ணியா: அஸ்ஸலாமு அலைக்கும் நானா. வீதித் திருத்தம் பற்றித் தகவல் கேட்டுக் கடிதம் கொடுத்து ஒன்றரை மாதம். பதிலே இல்லை. குழுவின் பெயரில் கேட்டதுதான் பிழையா?

வஅலைக்குமுஸ்ஸலாம். குழுவின் பெயரில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரசைகளாக இருந்தால் அந்த அமைப்பும் 'பிரசை'தான். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

பிழை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கடிதத்தை யாரிடம் கொடுத்தீர்கள்? அலுவலகத் தலைவருக்குப் போட்ட பொதுக் கடிதம் கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். "தகவல் உத்தியோகத்தர்" என்று முகவரியிட்டு, கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைக் கையோடு வாங்குங்கள். அதைத் தரவேண்டியது அவர் கடமை. அந்தச் சான்றின் திகதியிலிருந்துதான் நாள் ஓடும். முடிவைச் சொல்ல அவருக்கு 14 வேலைநாள் உண்டு. சனி, ஞாயிறு, போயா கணக்கில் வராது. அந்த நாள் தாண்டியும் பதில் வராதிருப்பதே மேன்முறையீட்டுக்குப் போதிய காரணம். 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு எழுத வேண்டும். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

உங்கள் விடயத்தில் மேன்முறையீட்டு நாள் கடந்திருந்தால் தலையை உடைக்காமல் புதிய விண்ணப்பமே போட்டுவிடுங்கள், அதுதான் வேகம். இந்த முறை "வீதித் திருத்தம் பற்றிய எல்லா விபரமும்" என்று கேட்காதீர்கள். வீதியின் பெயர், ஆண்டு, வேண்டிய ஆவணத்தின் பெயர் (கேள்வி (டெண்டர்) அறிவித்தல், அளவீட்டுத் தாள், கொடுப்பனவு உறுதிச்சீட்டு) என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். "விளக்கம் தருக" என்று கேட்டால் மறுக்க இடமுண்டு. கையிலிருக்கும் ஆவணத்தின் பிரதியைக் கேட்டால் சாட்டுச் சொல்வது கடினம்.

சம்பூர்: எங்கள் பக்கம் பெரிய திட்டங்கள் வரும்போது வேலி அடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவருகிறது. எந்தக் கட்டத்தில் கருத்துச் சொல்லலாம்?

திட்டத்துக்கு எந்த வகை அறிக்கை கேட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் அறியுங்கள். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். ஆரம்பச் சுற்றாடல் பரிசீலனை என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. வேலி முளைத்த பிறகு சேதி கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உங்கள் முதல் நிலைப்பாடு திட்டம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியதாக இருக்கவேண்டியதில்லை. "இந்த அளவுக்கு மேல் காணி எடுக்கும் எதற்கும் முழு மதிப்பீடு வேண்டும்" என்பதாக இருக்கலாம். சம்பூரில் முன்பு திட்டமிட்ட அனல் மின் நிலையத்தை எதிர்த்தவரும் ஆதரித்தவரும் சேர்ந்தே கையொப்பமிடக்கூடிய வரி அது. கருத்து எழுதும்போது அறிக்கையின் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். மொத்தமாக "எதிர்க்கிறோம்" என்று 500 பேர் ஒப்பமிட்ட மனுவைவிட, "இந்தப் பக்கத்தில் கரைவலைப் பாடு (கரையிலிருந்து வலை இழுக்கும் இடம்) விடுபட்டிருக்கிறது" என்ற ஒற்றைக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் தப்புவது சிரமம்.

திருகோணமலை நகரம்: வடக்கு கிழக்கு இணைப்பைப் பற்றி நிலைப்பாடு எடுக்கச் சொல்லிச் சில அங்கத்தவர் நெருக்குகிறார்கள். எடுத்தால் குழு உடையும், எடுக்காவிட்டால் கோழைகள் என்பார்கள்.

ஒரு சமூகமும் பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. 1988இல் இணைந்து, 2006இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து, 2007 முதல் தனித்தனியாக இயங்கும் மாகாணங்களைப் பற்றி மூன்று சமூகமும் ஒரே மேசையில் ஒத்த கருத்துக்கு வருவது இப்போதைக்கு நடக்காது. "இதில் எமக்கு உடன்பாடு இல்லை, ஆகவே குழுவாகப் பேசமாட்டோம், அங்கத்தவர் தனிப்பட்ட முறையில் பேசலாம்" என்று எழுதிவையுங்கள். அதைக் கோழைத்தனம் என்பவர் ஒன்றாகக் குழு நடத்திப் பார்க்கட்டும்.

அதே நேரம் மாகாண சபைத் தேர்தலைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். கிழக்குக்குக் கடைசித் தேர்தல் 2012 செப்டெம்பரில் நடந்தது. 2017 செப்டெம்பரில் சபையின் காலம் முடிந்து நிர்வாகம் ஆளுநரின் கைக்குப் போனது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அந்தப் புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. முடிச்சு அங்கே விழுந்தது. "தேர்தல் வேண்டும்" என்பதை ஒரு நிலைப்பாடாகவும் "எந்த முறையில்" என்பதை இன்னொன்றாகவும் பிரியுங்கள். முதலாவதில் ஒரு மாலையில் உடன்பாடு வரும். இரண்டாவதைச் சேர்த்துக் கட்டினால் இரண்டும் போகும்.

குச்சவெளி: பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் வருகிறது. நிறைவேறட்டும், பிழையிருந்தால் பிறகு வழக்குப் போடலாம்தானே?

போடமுடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்று வைத்த பிறகு அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க இயலாது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (அன்றைய அலுவல் பட்டியலில்) ஏறியதும் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர்நீதிமன்றம் போகக் கிடைப்பது எண்ணிச் சில நாட்கள்தான், மனுவின் பிரதி அதே வேளையில் சபாநாயகருக்கும் போகவேண்டும். ஆகவே வர்த்தமானியை வாரந்தோறும் பார்க்க ஒருவரை ஒதுக்குங்கள்.

தம்பலகாமம்: எங்கள் செயலாளர் சபைத் தேர்தலில் கேட்கப்போகிறார். விலக்க வேண்டுமா?

பதவியிலிருந்து விலகவேண்டும், அங்கத்துவத்திலிருந்து வேண்டியதில்லை. வேட்புமனுவில் ஒப்பமிடும் நாளுக்கு முன்பே. கடிதத்தலைப்பு, முத்திரை, வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை மூன்றையும் அன்றே வாங்குங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

நிலாவெளி: வேட்பாளர்களிடம் கேள்விக்கொத்து அனுப்ப இருக்கிறோம். கவனிக்க வேண்டியது?

ஐந்து கேள்வி போதும். எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே கேள்வி, ஒரே சொல்லளவு. வந்த பதிலை எழுத்துப்பிழை உட்பட அப்படியே போடுங்கள். வராதவர் பெயருக்கு எதிரே "பதில் கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதுங்கள், "மறுத்தார்" என்று எழுதாதீர்கள். பெயர்களை வாக்குச்சீட்டு வரிசையில் அடுக்குங்கள். புள்ளி போடுவது, பச்சை சிவப்பு நிறம் தீட்டுவது வேண்டாம், அது மறைமுக ஆதரவு. முடிவு வந்த பின்னும் வேலை இருக்கிறது: 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர்கள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். 22ஆம் நாள் காலையில் தேர்தல் அலுவலகத்துக்கு ஆளனுப்பி, வென்றவர் தோற்றவர் எல்லோருடைய கணக்கையும் கேளுங்கள்.