குண்டாக இருக்கும் அம்மாவுக்குப் பித்தப்பை ஒப்பரேஷன். மயக்க மருந்து டொக்டர் முந்தின நாள் வந்து கழுத்தில் ஸ்கான் பார்த்தார். ஏன்?

முதலில் பயத்தை விடுங்கள். அது கட்டி தேடுகிற ஸ்கான் இல்லை. நான் நுவரெலியாப் பக்கம் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். நிறை கூடியவர்களுக்கு நாங்களும் இதைச் செய்கிறோம்.

முழு மயக்கம் கொடுத்ததும் மூச்சு நின்றுவிடும். உடனே வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை நாங்கள் இறக்க வேண்டும். உடம்பு பருத்தவர்களுக்கு நாக்கைச் சுற்றியும் தொண்டையிலும் கொழுப்பு அடைந்திருப்பதால், குழாய் நுழைய வேண்டிய வாசலில் இருக்கிற குரல்நாண் கண்ணில் படாமல் போகலாம். மல்லாந்து படுத்தால் வயிறு நுரையீரலை நெருக்கும். முன்கூட்டிக் கொடுத்து வைத்த ஒட்சிசனும் சீக்கிரம் தீர்ந்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் அந்தச் சேமிப்பு இன்னும் கொஞ்சம் குறைவு.

சரி, ஸ்கான் என்ன சொல்லும்? தோலுக்கும் குரல்நாணுக்கும் நடுவில் எவ்வளவு சதை இருக்கிறது என்று அளக்கலாம். 2003இல் இஸ்ரேலில் மிகவும் பருத்த 50 பேரை அளந்தார்கள். குரல்வளையைப் பார்க்கச் சிரமப்பட்டவர்களுக்குச் சராசரி 28 மில்லிமீற்றர், மற்றவர்களுக்கு 17.5. ஆனால் 2007இல் அமெரிக்காவில் 64 பேரைப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஓர் எண்ணை வைத்து மட்டும் நான் முடிவெடுப்பதில்லை. வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து எவ்வளவு வளைகிறது, சுற்றளவு என்ன என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

என்னைக் கேட்டால், ஸ்கானின் உண்மையான உதவி வேறு. குழாயும் போகவில்லை, முகமூடியாலும் காற்றுப் போகவில்லை என்றால் கடைசி வழி, கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே இருக்கிற மெல்லிய சவ்வைக் கீறிக் குழாய் வைப்பது. ஒல்லியானவர்களுக்கு விரல் வைத்தாலே அந்தக் குழி தெரியும். பருத்த கழுத்தில், அதுவும் பெண்களுக்கு, அனுபவசாலியின் விரலும் ஏமாறும்.

போன மாரியில் ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். 104 கிலோ. தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு, குளிரில் ஜெல் சுடுநீரில் வைத்துத்தான் பூச வேண்டியிருந்தது, ஸ்கானை நெடுக்காக வைத்தேன். மூச்சுக்குழாயின் வளையங்கள் கோர்த்த மணிகள் போல வரிசையாகத் தெரிந்தன. மேலே இருக்கிற பெரிய மணிக்கு அடுத்து, பளிச்சென்ற ஒரு கோடு. அதுதான் சவ்வு. என் புள்ளி அதற்கு ஒன்றரை சென்ரிமீற்றர் மேலே இருந்தது! உயிர் போகிற அவசரத்தில் அந்தப் புள்ளியில் கத்தி வைத்திருந்தால்? நினைக்கவே இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. புள்ளியை அழித்துச் சரியான இடத்தில் போட்டேன். கடைசியில் அது தேவைப்படவில்லை. தோளுக்கடியில் துணி அடுக்கி, காது நெஞ்செலும்பின் மட்டத்துக்கு வரும்படி உயர்த்திப் படுக்க வைத்ததால் முதல் தடவையிலேயே குழாய் போய்விட்டது.

அப்புறம் ஒன்று. அந்த அக்காவிடம் “குறட்டை விடுவீங்களா?” என்று கேட்டேன். “இல்ல டொக்டர்” என்று தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற மகள்தான் சொன்னாள்: “பக்கத்துக் காம்பரா வரைக்கும் கேக்கும் டொக்டர். சில நேரம் மூச்சே நின்டு நின்டு வரும்.” அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எந்த ஸ்கானிலும் கிடைக்காது. தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்கு ஒப்பரேஷன் முடிந்த இரவுதான் ஆபத்து. அன்று அவரைத் தனியாகக் கவனிக்க ஏற்பாடு செய்தோம். உங்கள் அம்மாவும் வெட்கப்பட்டு மறைக்கலாம். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாதியிடமாவது நீங்களே சொல்லுங்கள். முன்பு ஏதாவது ஒப்பரேஷனில் குழாய் போடச் சிரமப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கழுத்தில் பேனாக் குறி போட்டிருந்தால், காலையில் முகம் கழுவும்போது தேய்த்து அழிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.