தோட்டத்து மண்ணில் ஈயம்: கேள்வி பதில்

கேள்வி: பழைய வீடு. ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்தோம். கீழே சுவரோரம் முளைக்கீரை இருக்கிறது. சாப்பிடலாமா சார்?

பதில்: அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு, அதாவது கிலோவுக்கு 90 மி.கி.) இருக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல், முக்கியமாக மஞ்சளும் சிவப்பும், சந்தேகத்துக்குரியவை. சுரண்டிய தூள் பெரும்பாலும் சுவரை ஒட்டியே விழும். மேல்மண்ணோடு பிடித்துக்கொள்ளும், எத்தனை மழை பெய்தாலும் இறங்காது.

கேள்வி: மண்வள அட்டையில் எல்லாம் சரி என்றுதானே வந்தது?

பதில்: அதில் ஈயமே கிடையாது. தழை, மணி, சாம்பல் சத்தும், துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டமும்தான் பார்ப்பார்கள். ஆய்வகத்தில் ‘மொத்த ஈயம், காட்மியம், ஆர்சனிக்’ என்று எழுதிக் கேளுங்கள். எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை எடுத்து, நிழலில் உலர்த்தி, கலந்து அரை கிலோ கொடுத்தால் போதும். சுவரோர மண்ணைத் தனிப் பையில் கொடுங்கள். மற்றதோடு கலந்தால் சராசரியில் ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: எவ்வளவு வரை பரவாயில்லை?

பதில்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, குடியிருப்பு மண்ணுக்கு 400 பிபிஎம் என்றிருந்ததை 2024-ல் 200 ஆக்கியது. என் கணக்கு இன்னும் கறார்: 100-க்குள் எதையும் போடலாம். 200 வரை கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை. ஈயம் காய்க்குள் அதிகம் ஏறாது. முள்ளங்கி, கேரட் கூடாது. கீரையில் மண் தெறித்து ஒட்டும், அதனால் வைக்கோல் மூடாக்கு இல்லாமல் போடாதீர்கள். 200-க்கு மேல் அந்த மண்ணைத் தொடாமல் மேடைப்பாத்திதான்.

காட்மியமும் நச்சு உலோகம்தான், ஆனால் வேறு ரகம். அது வேர் வழியே இலைக்கே ஏறும், அமில மண்ணில் இன்னும் வேகமாக. கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது.

கேள்வி: சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?

பதில்: அமில மண்ணை பிஎச் (அமில-கார அளவு) 6.5–7-க்குக் கொண்டுவந்தால் ஈயம், காட்மியம் இரண்டையும் செடி எடுப்பது குறையும். உங்கள் மண் ஏற்கெனவே 7.5 என்றால் சுண்ணாம்பு வீண். மட்கிய உரம் எப்போதும் உதவும்.

கேள்வி: மேடைப்பாத்தி எப்படி?

பதில்: தரையில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி), அதன்மேல் 30 செ.மீ. புது மண். ஓரத்துக்குச் செங்கல் வையுங்கள். பெயின்ட் அடித்த பழைய பலகையும் பழைய டயரும் வேண்டாம். நகரக் குப்பை உரம் வாங்கினால் ஆய்வறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் ஈயம் கிலோவுக்கு 100 மி.கி. தாண்டக் கூடாது. அறிக்கை காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.