லஞ்ச் டைம்ல ஆர்சி ஃப்ரெண்டு கேட்ட கேள்வி: வாசகர் கடிதமும் பதிலும்

அக்காவுக்கு ஸ்தோத்திரம்,

நான் தூத்துக்குடியில ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸ்ல வேலை பாக்குறேன். சொந்த ஊரு நாசரேத் பக்கம், பொறந்தது வளந்ததெல்லாம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்), இப்ப கொஞ்ச வருஷமா டவுன்ல ஒரு சுயாதீன சபைக்கு போறேன். எங்க டீம்ல ஒரு பையன் இருக்கான், கடற்கரை ஊர்க்காரன், ஆர்சி (ரோமன் கத்தோலிக்). நான் லஞ்ச் டைம்ல பைபிள் வாசிக்கிறத பாத்துட்டு அவனே பக்கத்துல வந்து உக்காந்து ஒண்ணு ஒண்ணா கேக்க ஆரம்பிச்சான். போன வாரம் கேட்டது இது: "அண்ணே, நீங்கல்லாம் நான் ரட்சிக்கப்பட்டுட்டேன், ரட்சிக்கப்பட்டுட்டேன்னு சொல்றீங்களே, அத ஒரு மனுஷன் தனக்குத்தானே எப்படிண்ணே சொல்லிக்க முடியும்?" அவங்க அப்பா தவறி ஒரு வருஷம் ஆகல, மாசாமாசம் அவருக்காக பூசை வைக்கிறாங்க. "நீங்க செத்தவங்களுக்காக ஜெபமே பண்ண மாட்டீங்களாமே?"ன்னும் கேட்டான். எனக்கு சட்டுன்னு பதில் வரல.

எங்க பாஸ்டர்ட்ட கேட்டேன். மாதா வணக்கம், சுரூபம், போப் இதெல்லாம் தப்புன்னு வசனத்தோட போட்ட ஒரு சின்ன புக்லெட்ட குடுத்து, மொதல்ல இத வாசிக்கக் குடுங்க, அப்புறம் சபைக்கு கூட்டிட்டு வாங்கன்னாரு. அது இன்னும் என் பேக்லதான் கிடக்கு. குடுக்கலாமா? அவன் கிறிஸ்தவன்தானா, இல்ல இனிமேதான் ரட்சிக்கப்படணுமா? நான்தான் அவனுக்கு டீம் லீட், அதனாலயும் ஒரு மாதிரி தயக்கமா இருக்கு.

ஜெ., தூத்துக்குடி

அன்புள்ள தம்பி ஜெ.,

புக்லெட்ட குடுக்காதீங்க. அது பேக்லயே கிடக்கட்டும், இல்ல எடுத்து பரண்ல போடுங்க.

அதுல இருக்குறதெல்லாம் பொய்யின்னு நான் சொல்லல, நானும் சிஎஸ்ஐகாரிதான், மாதாகிட்ட எனக்காக வேண்டிக்கொள்ளும்னு நான் கேக்குறதில்ல, எதுக்கு கேக்கலன்னு காரணமும் சொல்லத் தெரியும். ஆனா உங்க ஃப்ரெண்டு மாதாவ பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டானா? அவன் கேட்டது மன்னிப்ப பத்தி, அப்பாவ பத்தி. கேட்ட கேள்விய விட்டுட்டு கேக்காத கேள்விக்கு வசனத்தோட பதில் குடுத்தா அவன் அடுத்த நாள் வேற டேபிள்ல போய் சாப்புடுவான், அவ்ளோதான் நடக்கும். இன்னொண்ணு, இந்த புக்லெட் சண்ட தமிழ்ல முந்நூறு வருஷ பழசு. தரங்கம்பாடிக்கு லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்தது 1706ல, அவங்க அச்சடிச்சு வெளியிட வெளியிட ஆர்சி பக்கத்துல இருந்து பதிலுக்கு பதில் எழுதுனவரு யாருன்னா நம்ம வீரமாமுனிவர். லுத்தரன்காரங்கள அவர் தமிழ்ல போட்டு வறுத்த வறுவல வாசிச்சா நமக்கே சிரிப்பு வரும், அவ்ளோ கூர்மை. அந்த மனுஷனோட தமிழுக்கு எதிர்ல உங்க புக்லெட் எம்மாத்திரம்! அப்படி எழுதி எழுதி ரெண்டு பக்கமும் என்னத்த சாதிச்சாங்கன்னு பாத்தா, நாசரேத்துக்காரனும் கடற்கரைக்காரனும் ஒருத்தன் கோயிலுக்குள்ள இன்னொருத்தன் கல்யாணத்துக்குக்கூட தயங்கித் தயங்கி நுழையிறதுதான் மிச்சம்.

அவன் கிறிஸ்தவன்தானான்னு கேட்டீங்க. கொஞ்சம் வரலாற பாருங்க தம்பி. முத்துக்குளித்துறையில, அதாவது உங்க தூத்துக்குடி கரையில, கடற்கரை மக்களான பரதவர் ஞானஸ்நானம் வாங்குனது 1536 வாக்குல. நம்ம புராட்டஸ்டன்ட் பிரிவத் தொடங்கி வச்ச லூத்தர் 95 கோட்பாட்ட வெளியிட்டது 1517. அதாவது ஜெர்மனியில அந்த சண்ட தொடங்கி இருபது வருஷத்துக்குள்ள நம்ம கரையில கிறிஸ்து பேரு சொல்லிட்டாங்க. 1542ல சவேரியார் வந்து ஊர் ஊரா மணி அடிச்சு பிள்ளைங்கள கூட்டி விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் தமிழ்ல சொல்லிக் குடுத்தாரு. நம்ம புராட்டஸ்டன்ட் பக்கம் பாளையங்கோட்டையில குளோரிந்தா அம்மா கட்டுன கோயில் 1785. ரெண்டுக்கும் நடுவுல ஏறக்குறைய ரெண்டர நூறு வருஷம் இருக்கு. பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேர்ல ஞானஸ்நானம் வாங்குனவன், ஞாயித்துக்கிழமை தவறாம விசுவாசப் பிரமாணம் சொல்றவன், அவன் வீட்ட நாம புதுசா சுவிசேஷம் போற இடம் மாதிரி பேசுனா அது அறியாம. சிஎஸ்ஐயில ஒரு ஆர்சிக்காரர் வந்து சேந்தா மறுபடி ஞானஸ்நானம் குடுக்குறதில்ல, அது ஏற்கனவே செல்லும். நீங்க இப்ப போற சபையில முழுக்கு ஞானஸ்நானம் கேப்பாங்க, அது எனக்குத் தெரியும், நான் ஒத்துக்கிறதில்ல, ஆனா அந்த விவாதத்த இப்ப இழுக்க வேண்டாம்.

அதுக்காக அவனுக்கு நீங்க சொல்ல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. அப்போஸ்தலர் 18ல அப்பொல்லோவ பாருங்க. வேதத்துல கெட்டிக்காரன், கர்த்தரோட வழியில உபதேசிக்கப்பட்டவன், ஆனா ஒரு விஷயம் இன்னும் தெளிவா தெரியல. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவன ஜெப ஆலயத்துல நாலு பேர் முன்னாடி எந்திரிச்சு நின்னு திருத்தல, தனியா சேத்துக்கிட்டு விவரமா சொன்னாங்க. அவ்ளோதான் உங்க வேலையும். அவன் உங்களுக்கு சொல்ல வேண்டியதும் இருக்கும், அப்பவும் காத குடுங்க.

சரி, ரட்சிக்கப்பட்டுட்டேன்னு ஒருத்தன் எப்படி சொல்லிக்க முடியும்ங்கிற அந்தக் கேள்விக்கு வருவோம், ஏன்னா அது லேசுப்பட்ட கேள்வி இல்ல. ஆர்சிக்கும் நமக்கும் நடுவுல உள்ள சண்டையோட அடிவேர் மாதாவும் கிடையாது போப்பும் கிடையாது, உங்க ஃப்ரெண்டு சோத்து டப்பாவ தொறந்து வச்சுக்கிட்டு கேட்டான் பாருங்க, அதுதான். லூத்தரு 1505ல மடத்துல சேந்து, மணிக்கணக்கா குருகிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணியும், ஐயோ இத சொல்ல மறந்துட்டேனேன்னு திரும்பத் திரும்ப ஓடுனவரு, எல்லா பாவத்தையும் சொல்லி முடிச்சிட்டோமா, பாவத்துக்காக வருத்தம் போதுமான அளவு இருந்துச்சா, இத யாரு அளக்குறதுன்னு தவிச்சவரு. ரோமர் நிருபத்துல அவர் கண்டுபிடிச்சது என்னன்னா, அளக்க வேண்டியது என்னைய இல்ல, பாக்க வேண்டியது கிறிஸ்துவ. அப்ப நிச்சயம்ங்கிறது என் மனசோட பலத்துல இருந்து வரல, வாக்கு குடுத்தவர் பொய் சொல்ல மாட்டாருங்கிறதுல இருந்து வருது. இதுக்கு பதில் சொல்லி, கத்தோலிக்க ஆயர்கள் கூடுன திரெந்து சங்கம் 1547ல என்ன சொன்னதுன்னா, தேவனோட இரக்கத்த யாரும் சந்தேகப்படக் கூடாது, ஆனா நான் கிருபையில இருக்கேன்னு தன்னைப் பத்தி தப்பே வர முடியாத விசுவாச நிச்சயத்தோட ஒருத்தனும் சொல்ல முடியாது. உங்க ஃப்ரெண்டு கேட்டது அச்சு அசலா திரெந்து சங்கத்து கேள்வி, அவனுக்கு அது தெரியாமலே!

ஜோன் ஆஃப் ஆர்க் கதை தெரியுமா தம்பி? 1431ல சபை நடத்துன விசாரணையில அந்தப் பிரெஞ்சுப் பொண்ண மடக்குறதுக்குன்னே நீ தேவ கிருபையில இருக்கியான்னு கேக்குறாங்க. ஆமான்னா திமிரு, இல்லன்னா குத்தம் ஒத்துக்கிட்ட மாதிரி. அது சொன்ன பதில், நான் அதுல இல்லன்னா தேவன் என்னைய அதுல வைக்கட்டும், இருந்தா அதுலயே காக்கட்டும்னு. ஆர்சி மறைக்கல்வி நூல்லயே இத எடுத்துப் போட்டிருக்காங்க. இத நான் மொதல்ல வாசிச்சப்போ, நம்ம கன்வென்ஷன் மேடையில கேக்குற பாதி சாட்சிய விட இதுல அதிக விசுவாசம் இருக்கேன்னு தோணுச்சு, இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். நம்மாளுங்க ரட்சிக்கப்பட்ட தேதிய உங்க ஆபீஸ்ல கஸ்டம்ஸுக்குப் போடுற பில் ஆஃப் என்ட்ரி நம்பர் வச்சிருக்க மாதிரி வச்சுக்கிட்டு, சரக்கு க்ளியர் ஆயிடுச்சு இனி யாரும் தொட முடியாதுன்னு பேசுறாங்க பாருங்க, அந்தப் பையனுக்கு உறுத்துறது அதுதான்னு எனக்குப் படுது. உறுத்தட்டும், நியாயமான உறுத்தல். பவுலே 1 கொரிந்தியர் 4ல, எனக்குத் தெரிஞ்சு என்கிட்ட குத்தம் இல்ல, ஆனா அதனால நான் நீதிமான் ஆயிட மாட்டேன், என்னைய நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தர்னு சொல்றாரு. அதே பவுல்தான் ரோமர் 8ல மரணமோ ஜீவனோ எதுவும் நம்மள கிறிஸ்துவோட அன்ப விட்டுப் பிரிக்காதுன்னு அடிச்சுச் சொல்றாரு. ரெண்டையும் சேத்துப் புடிங்க.

நீங்க என்ன சொல்லலாம்னா, "தம்பி, நான் நல்லவன்னு சொல்லல, கடைசி வரைக்கும் தாக்குப்பிடிப்பேன்னும் என்னைய நம்பி சொல்லல, எனக்காக சிலுவையில நடந்தது போதும்னு அவர் சொல்லிட்டாரு, அத நான் நம்புறேன், அதனால ராத்திரி பயமில்லாம தூங்குறேன், மறுநாள் பாவம் செஞ்சா அவர்கிட்டயே போறேன்." இவ்ளோதான், நாலு வாக்கியம். இத உங்க வாழ்க்கையில உண்மையா இருக்க அளவுக்கு மட்டும் சொல்லுங்க, தூக்கம் வராத ராத்திரி இருந்தா அதையும் சொல்லுங்க. இதுக்கு மேல அவனுக்கு ஆர்வம் இருந்தா 1999 அக்டோபர் 31 அன்னைக்கு ஆக்ஸ்பர்க்ல கத்தோலிக்க சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் சேந்து கையெழுத்துப் போட்ட பிரகடனத்த பத்தி சொல்லலாம். நம்ம புண்ணியத்தால இல்ல, கிருபையால மட்டுமே கிறிஸ்து மேல வைக்கிற விசுவாசத்துல தேவன் நம்மள ஏத்துக்கிறாருன்னு ரெண்டு பேரும் சேந்து சொன்னது. இந்த நிச்சயம்ங்கிற விஷயத்துக்குன்னே அதுல தனியா ஒரு பகுதி இருக்கு. தன்னையே பாத்தா பயம் வரலாம், ஆனா தேவன் நம்ம ரட்சிப்பத்தான் விரும்புறாருன்னு நம்பலாம்னு ஆர்சி தரப்பு அதுல ஒத்துக்கிடுது. எல்லா வித்தியாசமும் தீந்துருச்சான்னா இல்ல, சாவான பாவம், பாவசங்கீர்த்தனம், செத்தப்புறம் சுத்திகரிக்கப்படுற உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் அப்படியே நிக்குது. ஆனா ரெண்டு பக்கத்து பிரசங்கிமாரும் மைக் புடிச்சு சொல்ற அளவுக்கு தூரம் இல்ல.

அப்பாவ பத்தி கேட்டது வேற. அங்க விவாதம் வேண்டாம் தம்பி. அவங்க பைபிள்ல 73 புத்தகம், நம்மள்ல 66, அவங்கள்ல இருக்க 2 மக்கபேயர் 12ல யூதா மக்கபே செத்துப்போன வீரங்களுக்காக எருசலேமுக்கு காணிக்க அனுப்புறான், அங்க இருந்துதான் அவங்க இந்த வழக்கத்துக்கு ஆதாரம் காட்டுவாங்க. இது உங்களுக்கு தெரிஞ்சிருந்தா போதும், அவன்கிட்ட ஒப்பிக்க வேண்டாம். நேரடியா கேட்டா மறைக்காதீங்க, "நாங்க மரிச்சவங்களுக்காக நன்றி சொல்லி ஜெபிப்போம், அவங்க நிலை மாறணும்னு கேக்க மாட்டோம், ஏன்னா கள்ளன்கிட்ட இன்னைக்கே நீ என்னோட பரதீசுல இருப்பன்னு இயேசு சொன்னாரே"ன்னு சொல்லிட்டு, உடனே, உங்கப்பா எப்படிப்பட்ட மனுஷர்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க. அவன் பேசட்டும்.

டீம் லீட் விஷயம். உங்க தயக்கம் சரியானது, நீங்க எழுதுனதுல எனக்கு ரொம்ப புடிச்ச வரி அதுதான். லீவுக்கும் அப்ரைசலுக்கும் கையெழுத்துப் போடுறவர் நீங்க. அவன் ஆர்வத்துல கேக்குறானா, உங்க மனச குளிர வைக்க கேக்குறானான்னு உங்களுக்கே சில நேரம் தெரியாது. அதனால பேச்ச நீங்க தொடங்காதீங்க, அவன் தொடங்கட்டும், வாரக்கணக்கா தொடங்கலன்னா விட்டுருங்க. ஆபீஸ் வாட்ஸாப் குரூப்ல வசனம் போடுறது, கேபின்ல கூப்புட்டு உக்கார வச்சு பேசுறது ரெண்டும் கூடாது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டா முகத்த சுழிக்காம போடுங்க. பேதுரு, விசாரிச்சுக் கேக்குறவங்களுக்கு சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமா இருங்கன்னுதான் எழுதுனாரு. சாந்தத்த நாம எப்பவாவது ஞாபகம் வச்சுக்கிறோம், விசாரிச்சுக் கேக்குறவங்களுக்குங்கிறத சுத்தமா மறந்துடுறோம்.

சேந்து வாசிக்கலாம்னு அவனே சொன்னா லூக்காவ எடுங்க. உங்க பழைய மொழிபெயர்ப்பு பைபிள தள்ளி வச்சுட்டு அவன் வீட்டுல இருக்க பொது மொழிபெயர்ப்ப வாசிங்க, அவன் பூசையில காதுல விழுந்த பாஷை அதுதான், அவனே உங்களுக்கு பாதி வசனத்த சொல்லிடுவான். ஆர்சிக்காரங்களுக்கு பைபிளே தெரியாதுன்னு நாம பேசுறது பழைய பல்லவி. ஞாயித்துக்கிழமை பூசையில பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம்னு வாசிக்கிறாங்க, மூணு வருஷ சுத்துல மத்தேயு மாற்கு லூக்கா மூணும் வந்துரும். நம்ம சபைகள்ல பாஸ்டருக்குப் புடிச்ச நாலு அதிகாரமே வருஷம் பூரா ஓடுற இடம் எனக்குத் தெரியும், பேரு வேண்டாம்.

லூக்கா முதல் அதிகாரத்துலயே மாதா வந்துருவாங்க, தப்பிக்க முடியாது, ஹிஹி. அவங்க சொல்ற அருள் நிறைந்த மரியே ஜெபத்தோட முதல் பாதி முழுக்க அந்த அதிகாரத்துல இருந்து வந்ததுதான், தேவதூதன் சொன்னதும் எலிசபெத்து சொன்னதும். அத சந்தோஷமா ஒத்துக்கிடுங்க. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு வர்ற ரெண்டாவது பாதிய நாங்க சொல்றதில்ல, ஏன்னா தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருத்தர்தான்னு 1 தீமோத்தேயு 2ல வாசிக்கிறோம்னு ஒரே வரியில சொல்லுங்க, அவங்க அத வேற மாதிரி விளக்குவாங்க, அதையும் கேளுங்க, மேல போங்க. காணாமப்போன மகன் கதை வர்ற 15ஆம் அதிகாரத்துக்கும் 18ல பரிசேயன் ஆயக்காரன் கதைக்கும் வரும்போது நிதானமா வாசிங்க. அவன் கேட்ட கேள்விக்கு என்னைய விட லூக்கா நல்லா பதில் சொல்லுவாரு, அந்த ஆயக்காரன் நீதிமானா வீட்டுக்குப் போனான்னு இயேசு சொல்றாரு, ஆனா அவன் மார்ல அடிச்சுக்கிட்டு, பாவியான என் மேல கிருபையா இரும்னு கேட்டதத் தவிர தன்னைப் பத்தி வேற எதுவும் சொல்லிக்கல.

சபைக்கு கூப்புடுறதா இருந்தா இப்ப வேண்டாம், அவன் வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க, அதுவும் திருவிருந்து இல்லாத ஞாயிறா பாத்து. நம்ம திருவிருந்துல அவன் கலந்துக்க அவங்க சபை அனுமதிக்கிறதில்ல, நீங்க அங்க போனாலும் நற்கருணை உங்களுக்கு குடுக்க மாட்டாங்க, அந்த நேரத்துல ரெண்டு பேருக்கும் சங்கடம். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ அவன் ஊர் கோயில் பூசைக்குப் போய் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வாங்க. பாஸ்டர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க, திட்டட்டும். ஒருவேள அவன் சபை மாறணும்னு பிற்பாடு சொன்னா அவசரப்படுத்தாதீங்க, கடற்கரை ஊர்ல பங்குங்கிறது கல்யாணம், கல்லறை, ஊர்க் கமிட்டி, அம்மாவோட அக்கம்பக்கம் எல்லாம் சேந்தது, மாறுனதுக்கு அப்புறம் அத தாங்கப் போறது அவன்தான், உங்க பாஸ்டரோ நானோ இல்ல. அப்படி ஒரு பேச்சு வந்தா மொதல்ல அவங்க அம்மாகிட்ட பேசச் சொல்லுங்க, அப்புறம் எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா